பெர்ப்பெத்துவா கிட்டார் பழகிய ஊர்

சிப்பிமுனை ஊர் கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் நாக்கை நீட்டினாற்போல் கிடக்கும். அங்கே ஒரு மாதா கோயில், ஒரு ஐஸ் கம்பெனி, ஒரு மக்ரூன் கடை, ஒரே ஒரு நீளத் தெரு, அந்தத் தெருவில் எப்போதும் எதையாவது விசாரித்துக்கொண்டே இருக்கும் சனங்கள். அந்த ஐஸ் கம்பெனியில் படகுக்காரர்களுக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் வேலையில் இருந்த பெர்ப்பெத்துவா, தனக்கு நாற்பது முடிந்த வருஷத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை நாற்காலி போட்டு ஏறி, அலமாரிக்கு மேலே பழைய போர்வைகளுக்கு அடியில் படுத்துக் கிடந்த கிட்டாரை இறக்கித் தூசி தட்டினாள். அவள் செய்தது அவ்வளவுதான், மற்றதெல்லாம் தானாக நடந்தது என்றுதான் ஊரில் சொல்கிறார்கள்.

கிட்டார் அவள் கணவன் லேயோனுடையது. லேயோன் விசைப்படகு என்ஜின்களுக்கு வைத்தியம் பார்ப்பவன். என்ஜின்கள் பதிலுக்கு அவன் இரண்டு காதையும் தின்றுவிட்டன, இடது பக்கம் வந்து நின்று உரக்கச் சொன்னால் பாதி கேட்கும், வலது பக்கம் நின்று சொன்னால் அவன் பாட்டுக்குச் சிரிப்பான். எப்போதோ ஒரு சரக்குக் கப்பலின் சமையல்காரன், தன் கைப்பெட்டியின் பூட்டைத் திறந்து கொடுத்த லேயோனுக்கு அந்தக் கிட்டாரைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனான். செவிடனுக்கு எதற்குக் கிட்டார் என்று யாரும் கேட்கவில்லை, லேயோனும் வேண்டாம் என்று சொல்லவில்லை, கிட்டாரும் அலமாரி மேலே ஏறிப் படுத்துக்கொண்டது.

பெர்ப்பெத்துவா அதை இறக்கியதற்குக் காரணம் மீன் குழம்பு. குழம்புக்கு மாங்காய் போடும்போது புளியைக் குறைக்க வேண்டுமா என்று போனில் தேடப்போனவளுக்கு, போன் என்ன நினைத்ததோ, ஒரு வழுக்கைத் தலைக்காரரைக் காட்டியது. அவர் இடது காலைச் சின்ன முக்காலியில் தூக்கி வைத்து, கிட்டாரைக் கைக்குழந்தையைப் போல் தொடையில் சாய்த்து, மெதுவாக ஒரு சின்னப் பாட்டை வாசித்தார், வாயால் பாடவில்லை, விரலால் மட்டும். அந்தப் பாட்டு முடிவதற்குள் பெர்ப்பெத்துவாவின் உலையில் சோறு அடிப்பிடித்துக் கருகிவிட்டது, அவளோ கருகல் வாசத்துக்கு நடுவில் அசையாமல் நின்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மதியம் லேயோன் கருகின சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, நல்லாயிருக்கு என்றான்.

வழுக்கைத் தலைக்காரர் விரல்களை எப்படிப் பழக்குவது என்றும் வேறு படங்களில் சொல்லிக் கொடுத்தார். அவர் பேசியது எந்தத் தேசத்துப் பாஷையோ, பெர்ப்பெத்துவாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவர் ஒவ்வொரு படத்தின் கடைசியிலும் கையைத் தராசு போல இரண்டு பக்கமும் தூக்கிக் காட்டி, புருவத்தை நெரித்து, ஏதோ எச்சரித்தார், அவளோ அவர் யாரையோ கும்பிடுகிறார் என்று நினைத்து அந்த இடம் வந்ததும் போனை அணைத்தாள். அவர் காட்டியதில் எது பார்க்க அழகாக இருந்ததோ அதை மட்டும் எடுத்துக்கொண்டாள். அதன் பெயர் ட்ரெமோலோ. கட்டைவிரல் கீழ்ச்சுரத்தில் ஒரு தட்டுத் தட்ட, மோதிரவிரலும் நடுவிரலும் ஆள்காட்டிவிரலும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தந்தியை ஓயாமல் தொட்டுத் தொட்டு விலகும்; சரியாக வந்தால் ஓட்டுக்கூரையில் மழை பெய்வது போல இருக்கும், சரியாக வராவிட்டால் ஓட்டுக்கூரையில் கோழி நடப்பது போல இருக்கும். கொஞ்ச நாள் கோழி நடந்தது. பிறகு ஒரு காலையில் மழை பெய்தது, அந்த நிமிஷமே சிப்பிமுனை ஊர் முழுவதும் மெல்ல நடுங்க ஆரம்பித்தது.

பயப்படும்படியான நடுக்கம் இல்லை அது. குளிர்ந்த தண்ணீரை முதல் செம்பு ஊற்றிக்கொள்ளும்போது தோளில் ஓடுமே, அந்த மாதிரி. பானைத் தயிரில் தானாக வெண்ணெய் திரண்டது, கடலின் தோல் புல்லரித்தது, தூக்கம் வராத பிள்ளைகள் தொட்டில் தானாக ஆட ஆடத் தூங்கிப்போயின. கோயிலில் பூசை வைத்துக்கொண்டிருந்த சாமியாரின் குரல் தழுதழுத்தது. வருஷக்கணக்கில் ஒரே குரலில் பிரசங்கம் வைத்த சாமியார் நம் பாவங்களுக்காக அழுகிறார் என்று நினைத்து சனங்களும் அழுதார்கள், சனங்கள் அழுவதைப் பார்த்துச் சாமியாரும் நிஜமாகவே அழுதார், அன்றைய பூசையைப் போல் ஒரு பூசை அதுவரை நடந்ததில்லை.

லேயோன் ஒரு ஸ்பானரோடு பட்டறையிலிருந்து வந்து நின்றான்.

"ஏட்டி, என் பல்லெல்லாம் கூசுது. நீ என்ன செய்யுத?"

"கிட்டார் பழகுதேன்," என்று பெர்ப்பெத்துவா அவன் இடது காதில் சொன்னாள்.

லேயோன் கொஞ்ச நேரம் நாக்கால் பற்களைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றான். "நல்லாயிருக்கு," என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குத் திரும்பிப் போனான்.

அடுத்து வந்தவள் மக்ரூன் கடை விக்டோரியா. முட்டையின் வெள்ளைக்கருவைச் சீனியோடு நுரை பொங்கப் பொங்க அடித்து, முந்திரித் தூள் கலந்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து சுடுவதுதான் மக்ரூன். அந்த அடியில்தான் விக்டோரியாவின் வலது தோள்பட்டை இடது தோள்பட்டையைவிட ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. அன்று காலை அவள் வெள்ளைக்கருவைச் சட்டியில் ஊற்றிவிட்டு அகப்பையைத் தேடித் திரும்புவதற்குள், சட்டிக்குள் அது தானாகப் பொங்கி, பஞ்சு மூட்டையைப் போல விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்த்ததாம். ஏன், எப்படி என்றெல்லாம் அவள் கேட்கவில்லை.

"யக்கா, நாளைக்கும் இதே நேரத்துக்குத்தான் வாசிப்பியளா? இல்ல, அடுப்பை எப்பப் பத்த வைக்கணும்னு தெரியணும்லா," என்று கேட்டாள்.

அப்படித்தான் ஊரும் எடுத்துக்கொண்டது. காலையில் பெர்ப்பெத்துவா வீட்டு சன்னல் திறந்தால் அண்டா குண்டாவையெல்லாம் துணி விரித்து அதன்மேல் வைத்தார்கள், பால் கறக்கிறவர்கள் சற்றுப் பொறுத்துக் கறந்தார்கள், சவரக்கடைக்காரர் கத்தியை மடக்கி வைத்துவிட்டு வாடிக்கையாளரோடு உட்கார்ந்து அரசியல் பேசினார். வெளியூரிலிருந்து வந்தவர்கள் தரையைத் தொட்டுப் பார்த்து, நிலநடுக்கமா என்று பதறினால், "பெர்ப்பெத்துவா ட்ரெமோலோ பழகுதா, நீங்க டீயைக் கையிலேயே வச்சிக்கிடுங்க" என்று சொன்னார்கள்.

ஆனால் எதையும் விடாமல் ஆட்டிக்கொண்டே இருந்தால் கழலத்தானே செய்யும். மாதம் செல்லச் செல்ல ஊரில் ஆணிகள் சுவரைவிட்டு வெளியே எட்டிப் பார்த்தன, சட்டைப் பித்தான்கள் பூசை நடுவில் உதிர்ந்தன, கதவுகள் கீல் கழன்று கையோடு வந்தன. பெர்ப்பெத்துவாவுக்கும் கழன்றுதான் இருந்தது: வலது கை விரல்கள் மூன்றும் மின்சாரம் பாய்ந்தாற்போல் பறந்தன, இடது கைச் சுண்டுவிரலோ ஊரார் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்ததுபோல் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தது. ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலில் நின்ற அந்தோனியார் சுரூபம் நடுங்கி நடுங்கி முழுசாகத் திரும்பி, சனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றது. அன்று சாயங்காலமே ஊர்க்கமிட்டித் தலைவர் இஞ்ஞாசி ரோச் வேட்டியை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

இஞ்ஞாசி ரோச்சுக்கு எப்போதும் ஆயிரம் வேலை. உட்கார்ந்து அவரை யாரும் பார்த்ததில்லை. கல்யாண வீட்டில் நின்றுகொண்டே சாப்பிடுவார், சாவு வீட்டில் நடந்துகொண்டே அழுவார். வாசலில் நின்றபடியே சொன்னார்: "ஏம்மா பெர்ப்பெத்துவா, கமிட்டி பேசி ஒரு முடிவெடுத்திருக்கு. நீ வேற எதையாவது பழகு."

"வேற எதை அண்ணாச்சி?"

"நடுங்காத எதையாவது."

வழுக்கைத் தலைக்காரர் படங்களில் தேடி, நடுங்காததாக ஸ்கேல் என்பதை அவள் கண்டுபிடித்தாள். ஸ்கேல் என்றால் படிக்கட்டு மாதிரி சுரங்கள் கீழிருந்து மேலே ஒன்றொன்றாக ஏறும், பிறகு மேலிருந்து கீழே ஒன்றொன்றாக இறங்கும். ஏறுவது அவளுக்குச் சுளுவாக வந்தது. இறங்குவதில் ஓரிடத்தில் சுண்டுவிரல் தடுக்கி விழுந்தது. தடுக்கி விழுவதை யார் விரும்புவார்கள், அதனால் அவள் இறக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, ஏற்றத்தை மட்டும் காலையும் மாலையும் ஆசை ஆசையாகப் பழகினாள்.

முதலில் மோட்டார் போடாமலே தண்ணீர் தொட்டிக்கு ஏறியது, ஊரே பெர்ப்பெத்துவாவை வாழ்த்தியது. பிறகு ஆடுகள் கூரைக்கு ஏறின. பிறகு கோழிகள், உலர்த்தின கருவாடு, சைக்கிள்கள், விக்டோரியாவின் அடுப்பிலிருந்த மக்ரூன்கள். எல்லாம் ஏறின, எதுவும் இறங்கவில்லை. சனங்கள் இதையும் பழகிக்கொண்டு, கூரையிலேயே ஆடு கறந்து, மாடியிலேயே மீன் விற்று, மாடி இல்லாதவர்கள் தென்னை மரத்தடியில் நின்று மேலே பார்த்துப் பேரம் பேசி, ஒருமாதிரி ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான், இதைத் தட்டிக் கேட்க வேகமாக நடந்து வந்த இஞ்ஞாசி ரோச், பெர்ப்பெத்துவா வீட்டுப் பக்கம் திரும்புவதற்குப் பதிலாகக் கோயில் பக்கம் திரும்பி, தன் கால்களைத் தானே திட்டிக்கொண்டு, மணிக்கூண்டுப் படிகளில் கடைசிப் படிவரைக்கும் ஏறிப்போய் நின்றார்.

ஊர் கீழே கூடிவிட்டது. பெர்ப்பெத்துவா கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அண்ணாச்சி, இறங்கி வாங்க," என்றாள்.

"கால் கேக்க மாட்டேங்குதும்மா. நீதான் எறக்கணும்," என்று அவர் மேலிருந்து சொன்னார். "இறக்கத்தையும் பழகியிருக்கலாம்லா நீ. ஏறுனா எறங்கணும்னு தெரியாதா."

கோயில் வாசற்படியில் உட்கார்ந்து அவள் மேலேயிருந்து கீழே வாசிக்கத் தொடங்கினாள். இஞ்ஞாசி ரோச் படபடவென்று இறங்கினார். நடுவில் அவள் சுண்டுவிரல் தடுக்கியது. அவரும் தடுக்கி, நடுப்படியில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார். மறுபடி மேலிருந்து ஆரம்பித்தாள். அவர் மறுபடி மேலே ஏறிப்போய், மறுபடி இறங்கி, அதே படியில் அதே காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். இப்படியே போய்க்கொண்டிருந்ததில் சனங்கள் கடலை வாங்கிக் கொறிக்க ஆரம்பித்தார்கள். பெர்ப்பெத்துவா கிட்டாரை மடியில் கவிழ்த்தாள். லேயோன் அவள் பக்கத்தில் வந்து குந்தினான்.

"என்ஜினுக்கு எடுத்தவுடனே வேகம் குடுத்தா முக்கும்ட்டி," என்றான். "மொதல்ல சும்மா ஓட விடணும். மெதுவா."

அவள் மெதுவாக வாசித்தாள். ஒவ்வொரு சுரமும் தரையில் கால் ஊன்றி நின்ற பிறகே அடுத்ததைத் தொட்டாள்; தடுக்கும் இடம் வந்தபோது இன்னும் மெதுவாக, சுண்டுவிரலுக்குத் தன் இடம் தெரியும்வரை காத்திருந்து, பிறகு வைத்தாள். இஞ்ஞாசி ரோச் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு நடை நடந்ததில்லை. கல்யாணப்பெண் பீடத்துக்கு வருவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு, ஒரு படி, நிறுத்தம், ஒரு படி, நிறுத்தம் என்று இறங்கி வந்தார். அவருக்குப் பின்னாலேயே ஆடுகளும் கோழிகளும் அந்தந்தக் கூரையிலிருந்து அதே நிதானத்தில் இறங்கின. தரையைத் தொட்டதும் அவர் வீட்டுக்குப் போனார், வேகமாக.

அதற்குப் பிறகு பெர்ப்பெத்துவா பயந்துபோய் ஒவ்வொன்றாக மற்றதையும் பழகிப் பார்த்தாள். இடது கை விரல்களை அகல விரிக்கும் பயிற்சியைப் பழகியபோது தெரு நீண்டது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் வெட்டவெளி விழுந்தது, பேருந்து ஊருக்குள் நுழைந்து கோயிலை அடைவதற்குள் ஓட்டுநர் ஒரு தூக்கம் தூங்கி எழுந்தார், லேயோனுக்குக் கொண்டுபோன சோறு போகிற வழியிலேயே ஆறியது. ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்து வருஷக்கணக்காகச் சண்டை போட்ட நாத்தனார் ஜெசிந்தாவும் அவள் அண்ணன் பெண்டாட்டியான மைனி அமலோற்பவமும், இப்போது சண்டைக்கு அவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருந்ததால், நடந்து களைத்துப்போய், ஒருத்தி வீட்டில் ஒருத்தி தண்ணீர் வாங்கிக் குடித்து, அப்படியே சமாதானமாகிப் போனார்கள். ஆர்பெஜியோ என்று ஒன்று உண்டு, விரல்கள் ஆளுக்கொரு தந்தியை வைத்துக்கொண்டு முறை மாறாமல் ஒன்றன்பின் ஒன்றாய் மீட்டும். அதைப் பழகியபோது கடலில் மீன்கள் வரிசைக்கு வந்தன, முதலில் பாரை மீன், பிறகு விளமீன், பிறகு சாளை, கடைசியில் நெத்திலி என்று முறைப்படி வலைக்குள் போய் உட்கார்ந்தன, தரம் பிரிக்கிற வேலையே இல்லாமல் போயிற்று.

இப்போது ஆளுக்கொன்று வேண்டியிருந்தது. விக்டோரியாவுக்கு ட்ரெமோலோ, படகுக்காரர்களுக்கு ஆர்பெஜியோ, தண்ணீர்த் தொட்டிக்காரருக்கு ஸ்கேல், அதுவும் ஏற்றம் மட்டும், நாத்தனாருக்கும் மைனிக்கும் விரல் விரிப்பு. பெர்ப்பெத்துவா ஐஸ் கம்பெனிக்குப் போகிற வழியில் மறித்து, எங்களுக்கு மட்டும் குறைச்சலா வாசிக்கிய என்று சண்டை பிடித்தார்கள். இஞ்ஞாசி ரோச் கமிட்டியைக் கூட்டி, யாருக்கும் வஞ்சகமில்லாமல் சரிசமமாகப் பங்கு போட்டு, விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிறவரைக்கும் எந்த வேளைக்கு எதை வாசிக்க வேண்டும் என்று கோயில் வாசல் கரும்பலகையில் எழுதிவிட்டார். ஐஸ் கம்பெனியில் சீட்டுக் கிழிக்க வேறு ஆளை வைத்தார்கள். சாப்பாடு முறை வைத்து வீட்டுக்கு வந்தது, விக்டோரியா நெஞ்சு நிறைந்து மக்ரூன் கொண்டுவந்து கொட்டினாள். ஊரே அவள் கையை அரசாங்க வாகனம் மாதிரிப் பார்த்துக்கொண்டது.

பலகை ஊருக்குச் சமமாகத்தான் இருந்தது. கைக்குத்தான் சமமாக இல்லை. மணிக்கட்டு வீங்கியது. தோள் காதுவரைக்கும் ஏறி அங்கேயே நின்றது. சாப்பிட உட்கார்ந்தால் விரல்கள் சோற்றுக்குள்ளேயே மோதிரம், நடு, ஆள்காட்டி என்று ஓடிச் சோற்றைத் தட்டுக்கு வெளியே தள்ளின. எல்லாவற்றையும்விட மோசம், கிட்டாரைப் பார்த்தால் அவளுக்கு ஐஸ் கம்பெனிச் சீட்டுக் கட்டைப் பார்ப்பதுபோல் இருந்தது. ஒரு மத்தியானம், ஆர்பெஜியோ வேளைக்கும் ஸ்கேல் வேளைக்கும் நடுவில், லேயோன் அவள் கையை எடுத்து மடியில் வைத்து, கிரீஸ் கறை படிந்த தன் பெருவிரலால் மணிக்கட்டை நீவிவிட்டான்.

"எதை வாசிக்கணும்னுட்டு இதை எறக்குன?" என்று கேட்டான்.

பெர்ப்பெத்துவா யோசித்தாள். கொஞ்ச நேரம் நினைவுக்கே வரவில்லை. பிறகு அவளுக்குக் கருகல் வாசம் அடித்தது, அந்தச் சின்னப் பாட்டு வந்தது, அதில் ஒரு வரியைக்கூடத் தான் இதுவரை வாசித்துப் பார்க்கவில்லை என்பதும் சேர்ந்து வந்தது. அவன் இடது காதில் அதைச் சொன்னாள்.

"பொறவு என்ன," என்றான் லேயோன். "ஒரே பக்கமா தேஞ்சா தாங்குமா. என்ஜின்ல எல்லாத்துக்கும் கொஞ்சம் எண்ணெய், பொறவு ஆஃப் பண்ணி ஆற விடணும். ஆற விடாத என்ஜினை எங்கிட்டதான் தூக்கிட்டு வருவானுவ."

தராசு போல் கையைத் தூக்கிக் காட்டிய வழுக்கைத் தலைக்காரர் அப்போதுதான் அவளுக்கு விளங்கினார். கிட்டாரைப் போர்வைக்குள் சுற்றி வைத்துவிட்டு, ஸ்கேல் வேளைக்குக் காத்திருந்த ஊரைக் காக்க வைத்துவிட்டு, அவள் படுத்துத் தூங்கினாள். கை வீக்கம் வற்றும்வரைக்கும் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

ஊருக்கு அந்த நாட்கள் பெரிய சோதனையாகப் போயின. ஒன்றுமே நடக்கவில்லை. தண்ணீர் கீழேயே கிடந்தது, வெள்ளைக்கரு சட்டியில் வெள்ளைக்கருவாகவே இருந்தது, மீன்கள் கண்டபடி வந்தன, ஜெசிந்தாவும் அமலோற்பவமும் சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று என்ன பேசுவது என்று தெரியாமல் விழித்தார்கள். முதலில் கோபப்பட்டார்கள், பிறகு கெஞ்சினார்கள், பிறகு விக்டோரியா அழுதுகொண்டே அகப்பையைக் கையில் எடுத்தாள். கடைசியில் கமிட்டி கோயில் மண்டபத்தில் கூடியது, பெர்ப்பெத்துவா கையில் துணி சுற்றிக்கொண்டு போய் நின்றாள்.

"பலகையில என்ன குத்தம்? எல்லாருக்கும் சமமா எழுதியிருக்கேன்," என்றார் இஞ்ஞாசி ரோச், மண்டபத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே.

"ஊருக்குப் பங்கு வச்சிய அண்ணாச்சி. கைக்குப் பங்கு வைக்கல. கை எனக்குத்தான இருக்கு," என்றாள் பெர்ப்பெத்துவா. "இனிமே காலையில ஒரே ஒரு மணி நேரம். அதுல என்னென்ன, எவ்வளவுன்னு நான் வைப்பேன். பொறவு நான் ஐஸ் கம்பெனிக்குப் போவேன்."

"எங்க ட்ரெமோலோ?" என்றாள் விக்டோரியா.

"கொஞ்சம் உண்டு."

"எறக்கம் வேண்டாம், ஏத்தம் மட்டும்..." என்று தண்ணீர்த் தொட்டிக்காரர் ஆரம்பித்தார். இஞ்ஞாசி ரோச் திரும்பி அவரைப் பார்த்தார். தொட்டிக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஒரு மணி நேரத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு மழைக்காலம் போதவில்லை. தொடக்கத்தில் வெறும் தந்திகளைக் கட்டைவிரலால் அவசரமில்லாமல் மீட்டுவாள், ஊர் கொட்டாவி விட்டுச் சோம்பல் முறிக்கும். பிறகு கொஞ்சம் ஸ்கேல், ஏற்றமும் இறக்கமும் ஒரே நிதானத்தில். ஆடுகள் கூரைக்குப் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒழுங்காக இறங்கி வரும். பிறகு ஆர்பெஜியோ, பிறகு விரல் விரிப்பு, அதில் கை வலிக்கிற இடத்துக்கு ஒரு மயிரிழை முன்பே நிறுத்திவிடுவாள், தெருவும் பேருந்து ஓட்டுநர் ஒரு வாய் வெற்றிலை போடுகிற அளவுக்கு மட்டும் நீண்டு சுருங்கும். கடைசியில் கொஞ்சமே கொஞ்சம் ட்ரெமோலோ. அதற்கும் பிறகு சன்னலைச் சாத்திக்கொண்டு, அந்தச் சின்னப் பாட்டில் ஒரு நாளைக்கு ஒரு வரி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு கையையும் மடியில் போட்டுச் சும்மா உட்காருவாள். அவள் கண்டுபிடித்ததிலேயே பெரிய கண்டுபிடிப்பு அந்தச் சும்மாதான். அந்த நேரத்தில் ஊரில் எல்லோரும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, தூக்கிய கரண்டியைத் தூக்கியபடி வைத்திருந்தவர்கள்கூட இறக்கிவிட்டு, ஒருவரையொருவர் பார்ப்பார்கள். சிலர் தங்கள் வீட்டுக்காரிக்கு நரைத்திருப்பதை அப்போதுதான் கவனித்தார்கள்.

குறை சொல்லாமல் இருப்பார்களா. நுரை முக்கால்வாசிதான் பொங்குகிறது, மிச்சத்தை நான் அடிக்க வேண்டியிருக்கிறது என்று விக்டோரியா முனகினாள். ஆனால் மக்ரூன் இப்போது பல்லில் ஒட்டாமல் நாக்கில் கரைவதாகச் சொல்லி வெளியூர் சனங்கள் வண்டி பிடித்து வந்தார்கள். ஆணிகள் சுவரிலேயே நின்றன. அந்தோனியாரைத் திருப்பி வைத்தார்கள், அவரும் திரும்பின பக்கமே நின்றார்.

அப்படியிருக்க, மாதா திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெர்ப்பெத்துவா சாமியாரிடம் போனாள்.

"சாமி, திருவிழாவன்னிக்கி சாயங்காலம் நான் வாசிக்கட்டுமா?"

"எது, ஸ்கேலா?"

"பாட்டு சாமி. முழுப் பாட்டு."

சாமியார் பக்கத்திலிருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

செய்தி தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போவதற்குள் ஊர் கலங்கிவிட்டது. பயிற்சிக்கே ஊர் இந்த ஆட்டம் ஆடியதென்றால், பாட்டுக்கு என்ன ஆகும். கடல் ஊருக்குள் வரும் என்றார்கள் சிலர், ஊர் கடலுக்குள் போகும் என்றார்கள் சிலர், எல்லோரும் மேகத்துக்கு ஏறிவிடுவோம், அங்கே டீக்கடை இருக்காது என்றார் சவரக்கடைக்காரர். தெரு நீளும் நீளத்தில் ஆளுக்கொரு ஜில்லாவில் போய் விழுந்துவிடுவோமோ என்று ஜெசிந்தாவும் அமலோற்பவமும் சேலை முந்தானைகளை ஒன்றாக முடிந்துகொண்டார்கள். ஆனாலும் பெர்ப்பெத்துவாவிடம் போய் வாசிக்காதே என்று சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை, இஞ்ஞாசி ரோச்சுக்கும்கூட. அவர் ஏற்பாடு செய்தார். படகுகளைக் கரைமேல் இழுத்துக் கவிழ்த்தார்கள். பானைகளில் மணலை நிரப்பினார்கள். ஆடுகளை இரட்டைக் கயிற்றில் கட்டினார்கள். திருவிழாவன்று சாயங்காலம் சனங்களெல்லாம் கோயில் மண்டபத்துக்கு வந்து, தூணோடும் பெஞ்சோடும் சன்னல் கம்பியோடும் உட்கார்ந்துகொள்ள, படகுக்காரர்கள் நங்கூரக் கயிற்றைக் கொண்டுவந்து கடல் முடிச்சாகப் போட்டு, கையும் உடம்பும் சேர்த்து இறுக்கிக் கட்டினார்கள்; பிறகு படகுக்காரர்களை ஒருவரையொருவர் கட்டிக்கொள்ளச் சொல்லி, கடைசி ஆளை இஞ்ஞாசி ரோச் கட்டிவிட்டு, தன்னைத்தானே பிரசங்க மேடையின் காலோடு, பல்லால் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டார். அவர் உட்கார்ந்திருப்பதைச் சனங்கள் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தார்கள்.

லேயோன் மட்டும் கட்டிக்கொள்ள மறுத்துவிட்டான். மேடைப் பலகையில் பெர்ப்பெத்துவாவின் கால் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் பலகையில் விரித்து வைத்துக்கொண்டான்.

அவள் வாசித்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. மெழுகுதிரிகள் நேராக எரிந்தன. வெளியே கடல் கடலின் இடத்தில் கிடந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று விக்டோரியா மடியில் கொண்டுவந்திருந்த சட்டியில் வெள்ளைக்கரு அசையவில்லை. பாட்டின் முதல் பாதிமுழுக்க, இதோ இப்போது, இதோ இப்போது என்று ஊர் பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றுக்குள் விறைத்திருந்தது. எங்கேயோ நடுவில், எந்த இடம் என்று பிறகு ஒருவராலும் சொல்ல முடியவில்லை, எல்லோரும் காத்திருப்பதை மறந்துபோனார்கள். ஓரிடத்தில் பெர்ப்பெத்துவா ஒரு சுரத்தைத் தவறவிட்டாள். அதற்கும் ஒன்றும் நடக்கவில்லை, பாட்டு ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டு போகும் தண்ணீரைப்போல் போயிற்று. லேயோன் கண்ணை மூடியிருந்தான். பாட்டு முடிந்தது.

மண்டபத்தில் சத்தமே இல்லை. பெர்ப்பெத்துவா காத்திருந்தாள். யாருக்கும் பிடிக்கவில்லை போலிருக்கிறது, இவ்வளவு காலம் இவர்களை இவ்வளவு பாடு படுத்திவிட்டு இந்தச் சின்னப் பாட்டா என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது என்று எண்ணி, கிட்டாரைக் கீழே வைக்கக் குனிந்தாள்.

"கைதட்டணும் யக்கா," என்று அமலோற்பவம் தூணிலிருந்து மெதுவாகச் சொன்னாள். "கை கட்டியிருக்குல்லா."

பெர்ப்பெத்துவா மேடையைவிட்டு இறங்கி வந்து அமலோற்பவத்தின் முடிச்சை அவிழ்த்தாள். கடல் முடிச்சு அது, சாமானியத்தில் அவிழாது. ஆள்காட்டிவிரலால் நெம்பி, நடுவிரலால் தள்ளி, சுண்டுவிரலைக் கண்ணிக்குள் விட்டு இழுக்க வேண்டியிருந்தது. கை விடுபட்டதும் அமலோற்பவம் தட்ட ஆரம்பித்தாள், அந்தப் பெரிய மண்டபத்தில் ஒற்றைக் கைதட்டல் கேட்டது. அடுத்து ஜெசிந்தா. அடுத்து சாமியார். அடுத்து விக்டோரியா, சட்டியைக் கீழே வைத்துவிட்டு. அவிழ்க்க அவிழ்க்க ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள், முதலில் தட்டியவர்கள் கை சிவந்தும் நிறுத்தவில்லை, கைதட்டல் தூண் தூணாகப் பரவி, சன்னலுக்குப் போய், படகுக்காரர்கள் பக்கம் வந்து பெரிதாகி, கடைசியில் மண்டபத்தில் கட்டவிழாமல் மிச்சமிருந்தவர் இஞ்ஞாசி ரோச் ஒருவர்தான்.

பெர்ப்பெத்துவா அவர் பக்கத்தில் முழங்கால் போட்டு, பல் பதிந்திருந்த அந்த முடிச்சில் விரலை வைத்தாள்.

"அவுக்காத," என்றார் அவர்.

"ஏன் அண்ணாச்சி?"

"அவுத்தா எந்திரிச்சுப் போயிருவேன்மா. எனக்கு ஆயிரம் சோலி கெடக்கு." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் மேடையிலிருந்த கிட்டாரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இன்னொரு தடவை வாசி."

பெர்ப்பெத்துவா அந்த முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டு மேடைக்குப் போனாள்.